விட்டுப்போன ஒரு வரி

“நீ குடுத்த பொட்டிய நீயே வெச்சிக்க தம்பி. அவருக்கு இனிமே வேணாம்.”

மஞ்சுளா மேசைமேல் வைத்த பெட்டியை, ஆலங்காயத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் சதீஸ்குமார் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் கணவர் தீர்த்தகிரி அண்ணன் இறந்து பத்து நாளாகிறதாம்.

புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து, இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்த மனிதர். மூச்சுத்திணறல் வேறு. நெல்லிவாசல் மலையில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. மஞ்சுளா சாமைக்காட்டுக்குப் போய்விட்டால், அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதற்காகவே சதீஸ்குமார் ஆசையாசையாகச் செய்து கொடுத்த பெட்டி இது. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, அதோடு சிக்னல் அனுப்ப ஒரு ரேடியோ. அவர் பட்டனை அழுத்தினால், அவள் இடுப்பில் செருகியிருக்கும் குட்டிப் பெட்டி கூவும்.

“ரொம்பக் கஷ்டப்பட்டாராக்கா?”

“இல்ல தம்பி. நான் காட்டுல இருந்தேன். என்னைக் கூப்டவே இல்ல. தூக்கத்துலயே போய்ட்டாரு. அது ஒண்ணுதான் ஆறுதல்.”

மலைக்கு ஜீப் எப்போது என்று விசாரிக்க அவள் வெளியே போனாள். சதீஸ்குமார் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துப் பட்டனை அழுத்தினான். கூடவே அவள் கொண்டு வந்திருந்த குட்டிப் பெட்டி கூவவில்லை. மறுபடி அழுத்தினான். போர்டைத் திரையில் மாட்டிப் பார்த்தான்.

போர்டில் என்ன மாட்டியிருக்கிறது என்பதை அதற்குச் சொல்ல, ஓவர்லே என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. கரண்ட் வந்து போர்டு பூட் ஆகும்போதே அதை ஏற்றிக்கொள்ளும்படி ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால், ஒரு தடவை கரண்ட் போய் வந்தாலே போதும், ரேடியோ என்று ஒன்று இருப்பதே போர்டுக்குத் தெரியாது. அந்த வரி அங்கே இல்லை. பெட்டியை மாட்ட மலைக்குப் போன அன்று, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், அப்போதைக்கு மட்டும் கையால் ஏற்றிவிட்டு, அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று கிளம்பியவன் அவன்தான். அடுத்த முறை போகவே இல்லை, பாவி.

அவள் திரும்பி வந்தாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அண்ணன் போன அன்னிக்கு கரண்ட் போச்சாக்கா?”

“கவனிக்கல தம்பி. ஏன், பொட்டிக்கு இன்னா?”

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தான். அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆறுதலையும் பிடுங்க மனசு வரவில்லை. “ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்குது” என்றான். அழுகையை அடக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவள் நின்றாள்.

“எங்க ஊர்ல சின்னராஜ் சம்சாரமும் படுக்கையில கெடக்குது. இத அதுக்குக் குடு தம்பி. குடுக்கறதுக்கு முன்னால மட்டும், ஒரு வாட்டி கரண்ட்ட நிறுத்திப் போட்டு அழுத்திப் பாத்துடு. அங்கயும் சத்தம் வராம போய்டப் போவுது.”