மூன்று வருஷத்து வாக்கியம்

"இன்னைக்கு சீனியர் உங்க பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுக்க மாட்டார். நீங்களேதான் பேசியாகணும்," என்றார் குமாஸ்தா, கேஸ் கட்டை ஜூனியர் வக்கீலின் கையில் திணித்தபடி.

அவள் கிரிமினல் கோர்ட்டுக்கு வரத் தொடங்கி மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் சீனியர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம்: 'சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வாய்தா வேண்டும்.' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைப் பிசிறில்லாமல் சொல்வாள். வேறு எதையும் அவள் நீதிபதி முன்னால் சொன்னதில்லை.

இன்று ஜாமீன் மனு. கட்சிக்காரர், வண்டி நிறுத்துகிற தகராறில் பட்டப்பகலில் ஒரு போலீஸ்காரரைக் கன்னத்தில் அறைந்த புண்ணியவான். நாளையிலிருந்து கோர்ட்டுக்குப் பத்து நாள் விடுமுறை. இன்று ஜாமீன் வாங்காவிட்டால் பத்து நாளும் அவருக்குக் கம்பி எண்ணுகிற வேலைதான்.

"வேற நல்ல வக்கீலா பார்த்திருக்கலாமே," என்று முணுமுணுத்தாள்.

"பார்க்காமலா? இந்தக் கட்டடத்துல அவர்கூட சண்டை போடாத வக்கீல் நீங்க ஒருத்தர்தான். மூணே விஷயம் சொல்லுங்க போதும். இதுக்கு முன்னாடி கேஸ் கிடையாது, எங்கேயும் ஓட மாட்டார், சர்க்கரை வியாதி."

வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று மூன்றையும் நாற்பது தடவை ஒப்பித்தாள். சுவர் ஒன்றும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. கொஞ்சம் தைரியம் வந்தது.

வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். கூண்டில் நின்ற கட்சிக்காரர் 'பேசு, பேசு' என்று கண்ணாலேயே அதட்டினார். அந்தப் பார்வை பட்டதும் ஓட்டம், சர்க்கரை எல்லாம் மண்டையை விட்டுக் கிளம்பிப் போய்விட்டன.

"சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி.

வாயைத் திறந்தாள். நாக்கு, தனக்குப் பழகிய வழியிலேயே போனது.

"சீனியர் வேற கோர்ட்டில் இருக்கார் ஐயா. ஒரு வாய்தா வேணும்."

நீதிபதி பேனாவை எடுத்து, விடுமுறை முடிகிற தேதியை நிதானமாகக் குறித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூண்டுப் பக்கம் திரும்பினார்.

"வாய்தா கொடுத்தாச்சு. ஆனா உங்க சீனியர் வேற கோர்ட்டில் இல்லம்மா, இதோ கூண்டுக்குள்ளதான் நிக்கிறார்."