கவனச் செம்மல்

ஆண்டுவிழாவில் பள்ளித் தாளாளர் 'சுருங்கச் சொல்லல்' என்ற தலைப்பில் நாற்பத்தேழு நிமிடம் பேசினார். அதை முழுக்கக் கேட்டது மூன்றாம் வகுப்பு இளவெயினி ஒருத்திதான்; பேசியவரே பாதியில் தலைப்பை விட்டு எங்கோ போய்விட்டார். கவனம் சிதறுகிற பிள்ளை என்று போன வருடம் டாக்டர் எழுதிக் கொடுத்த அவளுக்கு, பள்ளிக்கூடம் நெற்றியில் மாட்டிவிட்ட, மனம் அலைந்தால் அதிரும் கவனப்பட்டையின் புண்ணியத்தில் இப்போது 'கவனச் செம்மல்' விருது. போர்த்திய பொன்னாடைக்குள் பிள்ளையைக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

விழா முடிந்ததும் அவளுடைய அம்மா தமயந்தி தலைமையாசிரியையிடம் தயங்கியபடி போய் நின்றாள்.

"மிஸ், சாயங்காலம் மட்டும் அந்தப் பட்டையை ஆஃப் பண்ண முடியுமா? முன்னாடியெல்லாம் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு வீடு வர்ற வரைக்கும் பேசிட்டே வருவா. அந்த டீக்கடை நாய்க்கு ஏன் ஒரு காது மட்டும் மடங்கியிருக்கு, பஸ்ஸுக்குத் தூக்கம் வருமான்னு. நான்தான், 'சும்மா வாடி, ரோட்டைப் பாத்து ஓட்டணும்'னு திட்டுவேன்."

"ஆஃபா? தீபாவளி லீவுக்கு முன்னாடியே அதை நிறுத்திட்டோம்மா. இப்ப அது வெறும் ரப்பர். அவளாவேதான் இப்படி உக்கார்றா. அதுக்குத்தானே விருதே."

திரும்பும் வழியில் டீக்கடை வாசலில் அந்த நாய் படுத்திருந்தது. தமயந்தி ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தாள்.

"பாப்பா, அங்க பாரு. அதுக்கு ஏன் ஒரு காது மட்டும் மடங்கியிருக்கு?"

"ரோட்டைப் பாத்து ஓட்டும்மா," என்றாள் இளவெயினி.