ஊரில் இல்லாத பேர்

“என்ன தம்பி, மகனுக்குப் பேர் பார்த்தாச்சோ?”

பக்கத்து வீட்டு யாகப்பர் வாசல் படலையைப் பிடித்தபடி கேட்டார். இந்த மாதத்தில் இது ஒன்பதாவது தடவை. எமில் எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

“இன்னும் இல்லையண்ணை. பார்த்துக்கொண்டிருக்கிறம்.”

பச்சைப் பொய். பேர் முடிவாகி மூன்று வாரம் ஆகிவிட்டது.

“ஒரு யோசினையும் இல்லையோ? உங்கட குடும்பத்தில தகப்பன்ர பேரை மகனுக்கு வைக்கிறவையோ?”

“அப்பிடி ஒண்டும் இல்லையண்ணை.”

யாகப்பர் தலையைச் சொறிந்துகொண்டு தன் வளவுக்குத் திரும்பினார். அங்கே அவர் மனைவி மாக்கிறட்டும் கைப்பிள்ளையோடுதான் இருந்தாள். அவர்கள் மகன் எமிலின் மகனைவிட ஐந்து நாள் மூத்தவன். அவனுக்கும் இன்னும் பேர் வைக்கவில்லை.

எமில் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

“பிறின்சி, இந்த மனிசன் பேரைக் களவெடுக்கப் பார்க்கிறார்.”

பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த பிறின்சி சிரித்தாள். “பேர் என்ன, கொடியில காயப்போட்ட சாரமா, களவெடுக்க?”

“சிரியாத. நாங்கள் கேற்றுக்கு நீலம் அடிச்சம். அடுத்த கிழமை அவரும் நீலம். நான் படிக்கிற மேசை செய்விச்சன். அதே தச்சனைப் பிடிச்சு மகளுக்கு அதே மேசை. எங்களைப் பார்த்துச் செய்யிறதுதான் அவற்ர வேலை.”

“பிள்ளையையும் எங்களைப் பார்த்துத்தான் பெத்தவையாக்கும். அஞ்சு நாள் முந்தி.”

எமிலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

ஊரில் எமில் என்று நாலு பேர். டீசல் எமில், சூடை எமில், மீசை எமில். நாலாவது ஆளான இவன், சின்ன வயதில் பூசை நேரம் தூங்கி விழுந்ததால் நித்திரை எமில். பல்கலைக்கழகம் போய் வந்து, மன்னாரில் அலுவலக வேலை கிடைத்த பிறகுதான் கந்தோர் எமில் ஆனான். சூடை எமிலின் கல்யாணத்தை இவனுக்கென்று நினைத்து, இவனுடைய சிநேகிதர் மூன்று பேர் யாழ்ப்பாணத்திலிருந்து பரிசுப் பெட்டியோடு வந்து இறங்கிய கதையும் உண்டு.

தன் மகனுக்கு அந்தக் கதி வரக்கூடாது.

அதற்காக ஒன்பது மாதம் தேடினான். ஒரு கொப்பி நிறையப் பேர் எழுதினான். ஊரில் ஒருவருக்கும் இருக்கக்கூடாது. அதற்காக வாயில் நுழையாததாகவும் இருக்கக்கூடாது. கொழும்பில் சிங்கள உத்தியோகத்தர் ஒரே தரத்தில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பொடியள் நெளித்துப் பகிடி பண்ண இடம் இருக்கக்கூடாது. ஒவ்வொன்றாக வெட்டி வெட்டிக் கடைசியில் ஒன்று நின்றது.

வளன்.

சூசையப்பருக்குத் தமிழில் வளனார் என்று பேர். ஊரில் சூசை பதினொரு பேர். வளன் ஒருவரும் இல்லை.

அதைத் தாளில் எழுதி, நாலாக மடித்து, பங்குச் சுவாமியின் கையிலேயே கொடுத்திருந்தான்.

“சுவாமி, ஞானஸ்நானம் வரைக்கும் வெளியில விடாதேங்கோ.”

“பாவசங்கீர்த்தனம் மாதிரி ரகசியமா வைச்சிருக்கிறன், போ” என்று சுவாமி சிரித்தார்.

ஞாயிறு பூசை முடிந்தது. ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் இரண்டே பிள்ளைகள். ஐந்து நாள் மூப்பு என்பதால் யாகப்பரின் மகன் முதலில்.

“இந்தக் குழந்தைக்கு என்ன பேர் வைக்கிறீங்கள்?” என்று சுவாமி கேட்டார்.

யாகப்பர் வாய் திறக்குமுன் திரும்பி எமிலை ஒரு தடவை பார்த்தார்.

போச்சு என்று நினைத்தான் எமில். கொப்பியில் இரண்டாவதாக இருந்த பேரை அவசரமாக நினைத்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

“எமில்” என்றார் யாகப்பர்.

பிறின்சி இருமினாள். அது இருமல் இல்லை.

அடுத்தது இவர்கள் முறை. எமில் விட்ட மூச்சோடு சேர்ந்து “வளன்” என்பது கோயில் முழுக்கக் கேட்டது. பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். “நல்ல பேராக் கிடக்கு” என்று யாரோ சொன்னது காதில் தேனாக விழுந்தது.

வெளியே வேம்பு நிழலில் கேக்கும் பிளேன்டீயும் கொடுத்தார்கள். பேர் பத்திரமாகிவிட்ட சந்தோசத்தில் எமிலுக்குத் தாராளம் வந்துவிட்டது.

“யாகப்பரண்ணை, ஏற்கெனவே நாலு எமில் நிண்டு இடிபடுறம். அஞ்சாவதா இந்தப் பச்சைப்பிள்ளையையும் ஏன் சேர்த்தனீங்கள்? என்னட்டக் கேட்டிருந்தா நல்ல பேராக் கொப்பியோட தந்திருப்பனே.”

பிறின்சி அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

யாகப்பர் கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு சிரித்தார்.

“மற்ற மூண்டு எமிலும் எனக்கெதுக்குத் தம்பி? இது உங்கட பேர். எங்கட ஒழுங்கையில கம்பசுக்குப் போன முதல் ஆள் நீங்கள்தானே. மகளும் எமில் மாமான்ர மேசை மாதிரி வேணுமெண்டு நிண்டு வாங்கித்தான் இப்ப இருந்து படிக்கிறாள். இவன் வயித்தில இருக்கேக்கயே, பொடியன் எண்டா எமில்தான் எண்டு மாக்கிறட் சொல்லிப்போட்டாள்.”

யாகப்பர் கிட்டவாக வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா தம்பி, உங்கட பேரை உங்கட மகனுக்கே வைச்சுப்போடுவீங்களோ எண்டு எங்களுக்குப் பெரிய பயம். அதுதான் ஒரு மாசமா உங்கட படலையில வந்து வந்து கேட்டனான்.”