எசெனுக்கு யார் சொல்வது?

ரொட்டியைத் தொட்டுச் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. நாளைக்குப் புருலின் வருட நினைவு விருந்து. அவள் போய்விட்டாள் என்பதே அவள் புருஷன் எசெனுக்கு இன்னும் தெரியாது.

தெரியாது என்றால், சொல்லாமல் இல்லை, சொன்னது தங்கவில்லை. நேராகச் சொன்னபோதெல்லாம் புதிதாகக் கேட்டதுபோல் கதறினானாம். மறுநாள் காலையில் அவளுக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றி வைத்தானாம். நாற்பதாம் நாள் விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் "யாருக்குக் கல்யாணம்?" என்று விசாரித்தானாம்.

நாரின் என்னும் எங்கள் மலை ஊரில், ஆஸ்பத்திரிப் பின்னறையில் வியாழக்கிழமைதோறும் நாங்கள் கூடுவோம். கை நடுங்குகிறவர் பக்கத்தில் ஒரு மறதிக்காரர் உட்கார வேண்டும் என்பது நர்ஸ் நூர்ஜமால் போட்ட சட்டம். அவருக்கு இவர் கை, இவருக்கு அவர் ஞாபகம். நடுங்குகிறவர்கள் சல்லடை பிடிக்கலாம், மறதிக்காரர்களுக்கு ஒரே ஜோக் வருஷம் முழுக்கப் போதும் என்று எங்களுக்குள் கேலி உண்டு.

எசென் என் ஜோடி. பாவம், அவனுக்கு நடுக்கமும் உண்டு, மறதியும் உண்டு. என் கை பாறை. அவன் தேநீர்க் கிண்ணத்தை நான்தான் வாயருகே பிடிப்பேன்.

"இன்னிக்குச் சொல்லியே ஆகணும்," என்றாள் நூர்ஜமால், எங்கள் இருவருக்கும் பொதுவாக. "நாளைக்கு ஊரே வந்து துக்கம் கேக்கும். அப்போ முழிக்கக் கூடாது."

எங்கள் வழக்கத்தில் சாவை நேராகச் சொல்வது மரியாதை இல்லை. கதையாகச் சுற்றி வர வேண்டும். அந்தச் சொல் துக்கத்துக்கு உரியவர் வாயிலிருந்தே வர வேண்டும். சுற்றி வருவதில் என்னை விட்டால் இந்த மலைப்பக்கம் ஆள் இல்லை.

"வேட்டைக்கு வளத்த ஒரு பெண் கழுகு இருந்துச்சு எசென். ஒருநாள் ஓநாயைத் தூக்குச்சு. ஓநாய் வாயில ஆடு. ஆட்டோட காலைப் பிடிச்சபடி மேய்ப்பன். எல்லாத்தையும் சேர்த்து ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வெச்சுது."

"போன வாரம் மேய்ப்பன் இல்லையே மாமா?"

மறதிக்காரனோடு சண்டை போட முடியுமா? விட்டுவிட்டேன்.

"அப்புறம் ஒருநாள் கால் வார் அறுந்துபோச்சு. பறந்துருச்சு."

"தேடலையா?"

"தேடினா கிடைக்கிற இடமா அது?"

சுற்றி இருந்தவர்கள் கிண்ணங்களைக் கீழே வைத்தார்கள். வாயில் பணியாரம் வைத்திருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"அது பேரு என்ன மாமா?"

"புருல்."

"புருலுக்கு என்ன ஆச்சு?"

அவன் சொல்ல வேண்டிய சொல். காத்திருந்தேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, வாயில் ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? நானே சொல்லிவிட்டேன்.

"செத்துப் போயிட்டா எசென். உன் பொண்டாட்டி செத்துப் போயிட்டா."

நூர்ஜமால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எசென் நடுங்கும் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்தான்.

"நாளைக்கு ஊரே துக்கம் கேக்க வர்றது உங்ககிட்டதான் மாமா. எனக்குக் கல்யாணமே ஆகல. அவ என் அக்கா."