இன்னொரு 'நான்'

"'நேத்து நான் மாட்டைப் பார்த்தேன்.' இதை எப்படிச் சொல்வீங்க அண்ணே?"

"நேத்து நான் மாட்டைப் பாக்கவே இல்லையே, தங்கச்சி. மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போனது என் மச்சான்" என்றார் கதம்ஷோ.

லைலோவுக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பார்த்த மாதிரி வெச்சுக்கோங்க."

"பாக்காததைப் பார்த்தேன்னு இந்த ரெக்கார்டர் முன்னாடி எப்படிச் சொல்றது? நாளைக்கு கோரோக்ல நாலு பேர் கேப்பாங்க இல்ல?"

"சரி. நேத்து வேண்டாம். எந்த மாட்டையாவது, என்னிக்காவது பார்த்திருப்பீங்க இல்ல?"

கதம்ஷோ யோசித்தார். ரெக்கார்டர் பக்கம் குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். லைலோ தன் வீட்டில் பேசுவதைப் போலவே இருந்தது. அவள் தேடி வந்த பழைய 'நான்' அதில் இல்லை.

லைலோ கோரோக் நகரத்துக்காரி. பாமிர் மலைப் பேச்சுகளை ஆராய்கிறவள். கோரோக்கில் பார்க்கிறேன் என்றாலும் பார்த்தேன் என்றாலும் ஒரே 'நான்'தான். பார்தாங் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் இருக்கும் இந்த ஊரிலோ, பார்க்கிறேனுக்கு ஒரு 'நான்', பார்த்தேனுக்கு இன்னொரு 'நான்' என்று அவள் படித்திருந்தாள்.

"அதெல்லாம் எப்பவோ செத்துப்போச்சும்மா. வேற தலைப்பு பாரு" என்றிருந்தார் அவளுடைய பேராசிரியர். உயிரோடு கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டுத்தான் ஜீப் ஏறினாள். பல வருட உழைப்பு அந்த ஒரு வார்த்தையை நம்பி நிற்கிறது. எதைத் தேடுகிறோம் என்று ஊராரிடம் சொல்லக்கூடாது, சொன்னால் நமக்குப் பிடிக்குமே என்று அதையே பேசிக்காட்டுவார்கள் என்பது ஆராய்ச்சிக்காரர்களின் பாலபாடம். அதனால் "பேச்சை ஆராய வந்திருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஏறாத வீடில்லை. உப்புப் போட்ட பால் டீயைக் குடித்துக் குடித்து நாக்கு மரத்துவிட்டது. ஒரு வாயிலிருந்தும் அந்த 'நான்' வரவில்லை. தெருவில் அவளைக் கண்டால் பிள்ளைகள்கூடக் கப்சிப் ஆகிவிடுகின்றன. இன்று ஜீப் திரும்புகிறது.

கதம்ஷோவின் மனைவி ஷகர்மோ சூடான ரொட்டியோடு வந்தாள். லைலோ கடைசியாக ஒரு தூண்டில் போட்டாள்.

"அண்ணி, இந்த ரொட்டியை யார் சுட்டது?"

"ஏன், வேகலையா?"

"நல்லா வெந்திருக்கு. யார் சுட்டதுன்னு கேட்டேன்."

ஷகர்மோ புருஷனைப் பார்த்தாள். பரீட்சையில் பாடம் ஒப்பிப்பவளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, "நான்... ரொட்டி... சுட்டேன்" என்றாள்.

அதே கோரோக் 'நான்'. லைலோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தப்பா ஏதாவது சொல்லிட்டாளா?" என்றார் கதம்ஷோ கலவரமாக.

"ஒரு தப்பும் இல்ல அண்ணே. இந்த ஊர்ல யாருமே தப்பாப் பேசலை. அதான் எனக்கு வயித்தெரிச்சல்."

கதம்ஷோவின் முகம் மலர்ந்துவிட்டது. மனைவியைப் பெருமையோடு பார்த்துத் தலையாட்டினார். இங்கே என் பிழைப்பு போகிறது, இந்த மனுஷனுக்கு என்ன சந்தோஷம் என்று லைலோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜீப்காரன் ஹாரன் அடித்தான். லைலோ ரெக்கார்டரை மூட்டை கட்டினாள். பேராசிரியர் முன்னால் போய் நின்று, ஆமாம் சார், செத்துத்தான் போச்சு என்று சொல்ல வேண்டும். நினைக்கவே கசந்தது.

அவள் முற்றத்துக்கு வந்தபோது கொட்டிலில் தடால் என்று சத்தம். மாடு பால் வாளியை உதைத்துக் கவிழ்த்திருந்தது. ரொட்டியை வைத்துவிட்டுப் பால் கறக்கப் போயிருந்த ஷகர்மோ இடுப்பில் கைவைத்துப் பொரிந்து தள்ளினாள்.

"அடி நாசமாப் போறவளே, காலைல நான் உனக்குப் புல்லு போட்டேன், நான் தண்ணி காட்டினேன், இப்பத்தான் முதுகைத் தேய்ச்சு விட்டேன், நீ என்னையே உதைக்க வர்றியா?"

மடை திறந்த மாதிரி வந்தது. சொன்ன ஒவ்வொரு 'நானு'ம் அந்த இன்னொரு 'நான்'. லைலோவின் கையிலிருந்து பை நழுவி விழுந்தது.

"அண்ணி, இப்ப மாட்டுக்கிட்ட என்ன பேச்சு பேசினீங்க?"

ஷகர்மோ முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க. ஆத்திரத்துல எங்க பேச்சு வந்துடுச்சு."

"அப்போ இத்தனை நாளா நீங்கல்லாம் பேசினது?"

"உங்க பேச்சு" என்றார் பின்னாலேயே வழியனுப்ப வந்த கதம்ஷோ. "விருந்தாளிகிட்ட விருந்தாளி பேச்சுலதானே பேசணும்? அதுவும் பேச்சை ஆராயவே வர்றீங்கன்னு சேதி வந்ததும் ஊரே ஆடிப்போச்சு. கோரோக்ல லாரி ஓட்டினவன் நான் ஒருத்தன்தான், ராப்பகலா உக்காந்து அத்தனை பேருக்கும் சொல்லிக் குடுத்தேன். எல்லாரும் தேறிட்டாங்க, தங்கச்சி. இந்த மாட்டுக்கு மட்டும்தான் யாரும் சொல்லிக் குடுக்கலை."