ஷர்மிளாவின் குரல்

இளையோர் மனநல மருத்துவமனையில் எனக்கு நெருக்கடி ஆலோசகர் வேலை. ஒரு பிள்ளை கதவைப் பூட்டிக்கொண்டால், காலர் மைக்கை மாட்டிக்கொண்டு வெளியே நின்று பேசுவேன். அந்தப் பிள்ளை யார் சொன்னால் கேட்குமோ, அவர் குரலாக என் பேச்சை மைக் மாற்றிவிடும். டியூஷன் மிஸ், கிரிக்கெட் கோச், ஒருமுறை பரோட்டா மாஸ்டர்கூட ஆகியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு இது தெரியக் கூடாது.

இன்று பாத்ரூமைப் பூட்டிக்கொண்டது, நேற்று இங்கே சேர்த்த என் மகள் ஆதிரை. டியூட்டியில் நான் ஒருத்திதான். பெற்றவள் நான், என் குரல் மாறாது என்று நம்பித்தான் மைக்கை மாட்டினேன்.

"ஆதிரை, கதவைத் திறம்மா."

கேட்டது ஷர்மிளாவின் குரல். என் புருஷனைக் கட்டிக்கொண்டு போனவள்! மைக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. ஆனால் உள்ளே அழுகை நின்றுவிட்டது.

"சித்தி, வந்துட்டியா? அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்டா தங்கம்" என்றேன். அவளும் இப்படித்தான் கொஞ்சுவாளோ என்னவோ.

தாழ்ப்பாள் திறந்தது. ஆதிரை என்னைப் பார்த்தாள். என் தோளுக்குப் பின்னால் எட்டி வராந்தா முழுக்கத் தேடினாள்.

"அம்மா... சித்தி எங்க?"