கடிக்காத சப்பாத்து

"ஒண்டாம் நம்பர்தான் சரி உம்மா. கடிக்கவே இல்ல."

சொல்லிவிட்டு நாச்சியா கடைக்குள் நாலடி நடந்தும் காட்டினாள். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துக்குள் பெருவிரல் மடங்கிப் புடைத்துக்கொண்டு நிற்பது, கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் இருந்த மீராமுகைதீனுக்கே தெரிந்தது. கல்முனையில் பதினெட்டு வருஷமாகச் சப்பாத்துக் கடை வைத்திருப்பவரிடம் கால் பொய் சொல்ல முடியாது.

"கழட்டுங்க மகள். விரல் மடங்கிக் கிடக்கு. ரெண்டாம் நம்பர்தான் உங்கட அளவு" என்றார்.

"ரெண்டும் வேணாம் காக்கா. நாலு தாங்க" என்றாள் தாய் றபீக்கா. அவள் கையிலிருந்த குடை தரையெல்லாம் மழைத்தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தது.

மீராமுகைதீனுக்கு எரிச்சல் வந்தது. ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கினால் போதும், பெற்றவர்கள் எல்லாரையும் இதே பேய்தான் பிடிக்கும். வளருகிற கால் என்று சொல்லி இரண்டு நம்பர் கூட்டி வாங்கிப் போவார்கள். பிறகு சப்பாத்து ஒரு பக்கம் போகும், பிள்ளை ஒரு பக்கம் போகும். ஆனால் ஒரு நம்பர் குறைத்துக் கேட்கிற பிள்ளையை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"தங்கச்சி, நாலாம் நம்பர் குதியில நிக்காது. கழண்டு கழண்டு போகும். புள்ள விழுந்து முகத்த உடைச்சிக்கும்."

"நுனியில பஞ்சு வெச்சிக் குடுப்பன். ரெண்டு வருஷத்துக்குப் பாவிக்கணும்."

"இப்ப அளவா ஒண்ட வாங்குங்க. அடுத்த வருஷம் பெரிசு வாங்கலாம்தானே?"

"இப்பவே வாங்கிறன் காக்கா. கதைய விட்டுட்டு எடுங்க."

றபீக்கா மருதமுனை நெசவுக்காரன் ஒருவனின் பெண்சாதி. வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததில் புருஷனுடைய தறி படுத்துவிட்டது என்று அவருக்கும் தெரியும். கஷ்டம்தான், இல்லையென்று யார் சொன்னது? அதற்காகப் பிள்ளையின் காலிலா மிச்சம் பிடிப்பது? மனதுக்குள் திட்டிக்கொண்டே நாலாம் நம்பர் பெட்டியைத் திறந்தார்.

றபீக்கா தரையில் குந்தி மகளின் காலைப் பிடித்துச் சப்பாத்தை மாட்டினாள். நாடாவை மட்டும் கட்டவில்லை.

"நீயே கட்டு."

"எனக்குக் கட்டத் தெரியாதே உம்மா. நீங்கதானே கட்டித் தாற."

"தெரியாட்டிப் பழகு. பத்து வயசாகப் போகுது. எந்த நாளும் உம்மா கட்டித் தந்துட்டு இரிக்கிறதா?"

நாச்சியா கட்டினாள். அவிழ்ந்தது. இன்னொரு தரம் கட்டினாள். அதுவும் கோணலாகத்தான் வந்தது. றபீக்கா அதை உருவி அவிழ்த்துவிட்டு, "திருப்பிக் கட்டு" என்றாள். இவள் பெற்ற தாய்தானா என்று மீராமுகைதீனுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ஒருவழியாகக் கட்டி முடித்து எழுந்து நடந்தபோது, பிள்ளையின் குதி ஒவ்வோர் அடிக்கும் சப்பாத்தை விட்டு வெளியே வந்து போனது. நாச்சியா அழத் தொடங்கினாள்.

"இது பெரிசு உம்மா. நான் இன்னம் சின்னன்தான். போன வருஷமும் ஒண்டுதான் போட்டன், இப்பவும் ஒண்டுதான் அளவு. நான் வளரவே இல்ல."

"வாய மூடு புள்ள" என்றாள் றபீக்கா. மழை விட்டுவிட்டதா என்று பார்க்கப் போகிறவளைப் போல, விறுக்கென்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

மீராமுகைதீன் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு பெருவிரலிலும் நகம் கன்றிக் கறுத்திருந்தது. சின்ன விரல்களில் உடைந்து காய்ந்த கொப்புளங்கள். போன வருஷத்துச் சப்பாத்தை இந்தப் பிள்ளை எத்தனை மாதம் நோவோடு இழுத்துத் திரிந்ததோ!

"இவ்வளவு நோவோட என்னத்துக்கு மகள் சின்னதக் கேக்கிறீங்க? என்ட காதுல சொல்லுங்க பாப்பம்."

நாச்சியா வாசலை ஒரு தரம் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் காதருகே குனிந்து சொன்னாள்.

கேட்ட மனிதருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இவ்வளவுதானா! ஒரு சொல்லில் தீர்ந்து போகிற விஷயத்துக்கா இந்தப் பாடு? இரண்டாம் நம்பர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, இஞ்ச பாருங்க. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறவர் வீட்டுக்கு வந்த நேரம், 'புள்ள சின்னன், வளரட்டும், மறுகா போறன்' எண்டு நீங்க சொன்னீங்களாம். தான் வளர்ந்தா உம்மா போயிருவா எண்டு பயந்து, ஒரு வருஷமா விரல மடக்கி வெச்சிட்டுத் திரியுது புள்ள. போகமாட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. சரியான அளவத் தானாப் போடும்."

றபீக்கா திரும்பவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நாலாம் நம்பரையே கட்டுங்க காக்கா" என்றாள், உள்ளே கேட்காத குரலில். "நாளைக்கு விடியச் சுபஹோட நான் கொழும்புக்குப் போற வான் வருது. ரெண்டு வருஷத்துக்கு இவளுக்குச் சப்பாத்து வாங்கிக் குடுக்க நான் இஞ்ச இரிக்கமாட்டன்."